கோடு போடுகிறவர்

மகுடேஸ்வரன் குனிந்து தார்ச்சாலையின் குறுக்கே ஒரு கோடு இழுக்கிறார். கையில் இருப்பது டெய்லர்கள் துணியில் குறி போடும் தட்டைச் சாக்பீஸ். இழுத்து முடித்ததும் எழுந்து, தள்ளி நின்று பார்க்கிறார். திருப்தியில்லை. செருப்புக்காலால் தேய்த்து அழித்துவிட்டு, ஓர் எட்டு முன்னால் போய் இன்னொரு கோடு இழுக்கிறார். ஓரத்தில் 'ப' என்று எழுதுகிறார். ப என்றால் பழனியம்மாள்.

"ஒரு எட்டுல என்னங்க தம்பி ஆயிரப் போகுது?" என்கிறார் பழனியம்மாள்.

"போன வாரம் உங்களுக்குக் காச்சலுங்கக்கா. இன்னும் முழுசா விட்டிருக்காது."

"விட்டுப்போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டரு நீங்க ஓடிப் பாக்கலீங்களே."

இடம், அவிநாசிபாளையத்தைத் தாண்டித் தாராபுரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மனைப்பிரிவு. நுழைவாயில் வளைவு இருக்கிறது, தார்ச்சாலை இருக்கிறது, தெருப் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன, மஞ்சள் அடித்த எல்லைக்கற்களும் கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருக்கின்றன. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. வாரம் முழுக்க வெள்ளாடுகள் மேய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், ஒரே பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பத்துப் பன்னிரண்டு பேர் இங்கே வந்து பந்தயம் ஓடுகிறார்கள். டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் போடுகிறவர் ஒருவர். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஆரம்பித்து வளைவில் முடிகிற நேர்ச்சாலை.

ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் ஆரம்பிப்பதில்லை. ஆளுக்கொரு கோடு. மெதுவாக ஓடுகிறவருக்கு வளைவுக்குப் பக்கத்தில், வேகமாக ஓடுகிறவருக்குத் தள்ளி. விசில் ஒன்றுதான். யாரை எங்கே நிறுத்தினால் எல்லாரும் ஒரே சமயத்தில் வளைவுக்கு வந்து சேர்வார்கள் என்று பார்த்துக் கோடு போடுவது மகுடேஸ்வரனின் வேலை. இதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார்.

"ஒரே கோட்டுல நிறுத்துனா, விசில் ஊதறதுக்கு முன்னாடியே யாரு ஜெயிப்பாங்கன்னு தெரிஞ்சு போயிருமுங்க. தெரிஞ்ச விசயத்துக்கு எதுக்குங்க மூச்சு வாங்க ஓடணும்?" என்பார். புதிதாக யார் வந்தாலும் இதைச் சொல்வார். இரண்டாவது முறை கேட்டாலும் வார்த்தை மாறாமல் சொல்வார்.

கம்பெனியில் அவருக்கு நேரம் எடுக்கிற வேலை. ஒரு டீசர்ட்டுக்குத் தோள் இணைக்க எவ்வளவு நேரம், கழுத்துப்பட்டி வைக்க எவ்வளவு நேரம் என்று டெய்லரின் பக்கத்தில் நிறுத்துக்கடிகாரம் பிடித்து நிற்பார். அதை வைத்துத்தான் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போடுவார்கள். அதனால் அவர் தலை தெரிந்ததும் தையல் லைனே மெதுவாகிவிடும். அவரும் இருபது வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். மெஷின் சத்தம் குறையாது என்கிறார். குறைவது கை. பீஸை எடுக்கிற கை, தைத்ததை ஒதுக்குகிற கை, இல்லாத பிசிறைத் தேடுகிற கை. "மெஷின் பாட்டுக்கு மெஷின் ஓடுமுங்க. கைதான் கதை பேசும்." கோபித்துக்கொள்ள மாட்டார். "அந்தச் சேர்ல உக்காந்தா நானும் அதத்தான் செய்வேன்" என்பார். எழுதும்போது அந்தக் கதையின் அளவை மட்டும் கழித்துவிடுவார்.

வீட்டிலும் இந்தப் பழக்கம் இருந்தது. "ஒருநாள் நான் தோசை திருப்பறதுக்கு நேரம் எடுத்தாருங்க" என்கிறார் அவர் மனைவி சித்ரகலா. "தோசைக் கரண்டியத் தூக்கிக் காமிச்சேன். அதுக்கப்பறம் அடுப்பங்கரைப் பக்கம் கெடியாரம் வரதில்லீங்க."

பந்தயத்துக்கு வெற்றிக்கயிறாக வளைவின் இரண்டு தூண்களிலும் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணிப்பட்டை ஒன்றைச் செருகி வைப்பார்கள். கட்டிங் மேசையில் மிஞ்சுவது. அந்தந்த வாரம் என்ன நிறத்தில் ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறம். நெஞ்சு மோதினால் அறுபடாது, இழுபட்டுக்கொண்டே உருவி வரும். ஜெயித்தவர் அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகலாம். வேறு பரிசு கிடையாது. அடுத்த ஞாயிறு அவருடைய கோடு பின்னால் போகும்.

"வெரசாத் தெச்சா டார்கெட்டை ஏத்துவாரு. வெரசா ஓடுனா கோட்டைப் பின்னாடி தள்ளுவாரு. மனுசன் கம்பெனிலயும் அதே வேலைதான், ரோட்டுலயும் அதே வேலைதான்" என்பது பழனியம்மாளின் கருத்து. அவர் செக்கிங்கில் இருக்கிறார். மகள் விட்டுப்போன சுடிதாரைப் போட்டுக்கொண்டு ஓடுவார். "நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிப் பழகுனவ. எனக்கு எதுக்குங்க பயிற்சி?" என்பார். இரண்டு முறை ஜெயித்திருக்கிறார். இரண்டு பட்டைகளையும் வீட்டு பீரோ கைப்பிடியில் கட்டி வைத்திருக்கிறார்.

கோடு முன்னால் வரவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே மெதுவாக ஓடுகிறவர்களும் உண்டு. அதற்கு மகுடேஸ்வரன் ஒரு வழி வைத்திருக்கிறார். வளைவைத் தாண்டியதும் ஒவ்வொருவராகப் போய் நிற்பார். "ஊர் பேரு சொல்லுங்க" என்பார். அவிநாசிபாளையம் என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முழுதாக ஓடி வந்தவரால் சொல்ல முடியாது. அவிநாசியில் நின்றுவிடுவார், பாளையத்துக்கு இன்னொரு மூச்சு வேண்டும். சிலர் 'அவி'யிலேயே நின்றுவிடுவார்கள். முழுப் பெயரும் ஒழுங்காக வந்துவிட்டால், அந்த ஆளுடைய கோடு அடுத்த வாரம் நகராது. இந்தச் சோதனையில் தோற்பவரைத்தான் அவர் பாராட்டுவார்.

அவர் ஓடுவதில்லை. ஆரம்பத்தில் ஓடினார். தனக்கும் தானே கோடு போட்டுக்கொண்டார். ஒரு ஞாயிறு ஜெயித்தும்விட்டார். அன்றைக்குப் பழனியம்மாள், "கோடு போட்டவரே ஜெயிச்சா அதுக்குப் பேரு என்னங்க தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். மகுடேஸ்வரன் மணிக்கட்டில் கட்டிய பட்டையை அவிழ்த்துத் தூணிலேயே மாட்டிவிட்டு, அன்றிலிருந்து விசிலோடு நின்றுவிட்டார். எத்தனையோ பேர் சொல்லியும் கேட்கவில்லை. "கோடு போடறவன் கோட்டுல நிக்கக்கூடாதுங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். ஓட்டம் நடக்கும்போது அவருடைய வலது குதிகால் மட்டும் தரையை விட்டு எழுந்து எழுந்து இறங்கும்.

கூட்டத்தில் வேகமானவர் ராபின். ஜார்க்கண்ட்காரர், ஓவர்லாக் டெய்லர், வயது இருபத்தாறு இருக்கும். தமிழைத் திருப்பூரிலேயே கற்றுக்கொண்டதால் எதற்கும் ஒரு 'ங்க' சேர்ப்பார். மனைப்பிரிவுக்குள் நாய் குறுக்கே வந்தாலும் "தள்ளிப் போங்க" என்றுதான் சொல்வார். அவருடைய கோடு எல்லாருக்கும் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் வால்வுக்கு நேராக இருக்கும். அங்கிருந்து பார்த்தால் முன்னால் நிற்கிற அத்தனை பேருடைய முதுகும் தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் எல்லா முதுகையும் தாண்டி வந்து, கடைசியில் ஒரு தோளிலோ ஒரு கை நீளத்திலோ தோற்றுப்போவார். இங்கே ஓட வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் அவர் மணிக்கட்டில் ஒருமுறைகூடத் துணிப்பட்டை ஏறவில்லை. லைனில் பக்கத்து மெஷின்காரர்கள் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள். அயர்ன்காரர்கூடக் கட்டியிருக்கிறார்.

மகுடேஸ்வரனுக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு கை நீளம் என்றால் கோடு சரி என்று அர்த்தம்.

இந்த வருடம் ராபின் ஊருக்குத் திரும்புவதாக முடிவாயிற்று. அங்கே சொந்தமாக நாலு மெஷின் போடப் போகிறார். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. போவதற்குள் ஒரு பட்டையாவது கட்டிவிட வேண்டும் என்று எல்லாரிடமும் வெளிப்படையாகவே சொன்னார். அதன்பின் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஓட்டத்தில் எல்லாருக்கும் நடுவிலேயே வந்து சேர்ந்தார். முதல் இரண்டு வாரம் முதுகைத் திருப்பிக்கொண்டு இருமி, சோதனையிலிருந்து நழுவிவிட்டார். மூன்றாவது வாரம் மகுடேஸ்வரன் நேராக எதிரில் போய் நின்று ஊர் பேர் கேட்டார்.

"அவிநாசிபாளையமுங்க" என்றார் ராபின்.

பழனியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அடக் கண்ணு, பேரையே சொல்லக்கூடாது. நீ மரியாதையும் சேத்துச் சொல்றயே!"

எல்லாரும் சிரித்தார்கள். ராபினும் சிரித்தார்.

"கண்ணு, மூச்சு அப்படியே மிச்சமிருக்குது. கோடு நகராது" என்றார் மகுடேஸ்வரன். கோபமில்லாமல்தான் சொன்னார். ராபினின் சிரிப்பு நின்றது.

"மூணு வாரம் ஏமாத்துனேனுங்க. தப்புங்க. அதுக்கு முன்னாடி ஒருநாளாவது ஏமாத்துனேனுங்களா அண்ணா?"

"இல்ல."

"அப்பறம் ஏனுங்க ஒருநாளும் ஜெயிக்கல?"

"நேத்தைவிட இன்னிக்கு யாரு நல்லா ஓடறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க கண்ணு. அதான் கணக்கு."

"அக்காவுக்கு அது சரிங்க. ஒரு வாரம் பாதி ஓடுவாங்க, ஒரு வாரம் முக்கா ஓடுவாங்க. எனக்கு நேத்தும் முழுசுங்க, இன்னிக்கும் முழுசுங்க. முழுசுக்கு மேல எங்கீங்க போறது?"

மகுடேஸ்வரன் விசில் கயிற்றை விரலில் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். "வேகமா ஓடறது குத்தமுங்களா அண்ணா?" என்று ராபின் கேட்டதற்கும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். ராபினுக்கு இனி ஒரே ஒரு ஞாயிறு பாக்கி. மறுநாள் ரயில்.

அந்த வாரம் லைனில் ராபினின் மெஷின் அருகே அவர் வந்து நின்றதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கடிகாரம் கையில் இருந்தது, அமுக்கவில்லை. "உனக்கு நான் எப்பவாச்சும் டார்கெட்டைக் குறைச்சு வெச்சிருக்கனா?" என்று கேட்டாராம்.

"இல்லீங்க. ஏத்தித்தானுங்க வெச்சீங்க."

"ஏத்துனதத் தொட்டுட்டயா?"

"தொட்டப்பறம் மறுபடி ஏத்துனீங்க."

வெள்ளிக்கிழமை மாலை கம்பெனி வாசல் டீக்கடையில், ஞாயிறு ஓட்டத்தை வேடிக்கை பார்க்க வருகிற என்னிடம் அவர் சொன்னது இது: "நல்லாத் தெய்க்கறவனுக்கு ஒசத்தி வெக்கறம். எட்டிப் புடிச்சா இன்னும் ஒசத்தறம். அது கம்பெனிக் கணக்குங்க, அதுல பத்துப் பேரு சம்பளம் இருக்குது. அதே கணக்கத் தூக்கிட்டுப் போயி ரோட்டுல போட்டுட்டனோன்னு இருக்குது." டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலையில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அயர்ன்காரர், "இன்னிக்கு ஒரு நாளைக்கு எல்லாரும் ஒரே கோட்டுல நின்னுக்கலாமுங்க. ராபினு ஜெயிச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

"வேண்டாமுங்க" என்றார் ராபின். "பழனியம்மாக்காகூட ஒரே கோட்டுல நின்னு ஜெயிச்சேன்னு ஊருல எப்படீங்க சொல்றது?"

"ஏன், எனக்கென்ன கொறச்சல்?" என்றார் பழனியம்மாள்.

மகுடேஸ்வரன் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். கோடு போடக் குனியவில்லை. ராபினிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீ போடு."

"எனக்குத் தெரியாதுங்க."

"எல்லார் முதுகையும் உன்னளவு பாத்தவங்க யாரு இருக்கறாங்க?"

ராபின் நிதானமாகத்தான் போட்டார். அயர்ன்காரரைப் பின்னால் தள்ளினார். அவர் சண்டைக்கு வந்தார், எடுபடவில்லை. பழனியம்மாளின் கோட்டை ஒரு எட்டும் நகர்த்தவில்லை. கடைசியாகத் தனக்குப் போடத் தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தார். முன்னால் எங்கேயாவது குனிவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குனியவில்லை. வால்வைத் தாண்டினார். தார் முடிகிற விளிம்பில், சோளக்காட்டின் கம்பிவேலி ஆரம்பிக்கிற இடத்தில் போய் நின்று, வேலிக்கு முதுகு கொடுத்து ஒரு கோடு இழுத்தார். அதற்குமேல் பின்னால் போகச் சாலை இல்லை.

"ராபினு, அவ்வளவு பின்னாடி வேண்டாம்" என்று மகுடேஸ்வரன் இங்கிருந்து கத்தினார்.

"கோடு போடறவரு சொல்றதுதானுங்க கணக்கு!" என்று அங்கிருந்து பதில் வந்தது. அதுவும் மகுடேஸ்வரனுடைய வாசகம்தான்.

திரும்பி வரும் வழியில், பாதித் தூரத்துக்கும் கொஞ்சம் இப்பால், இன்னொரு கோடு இழுத்தார் ராபின். ஓரத்தில் எழுத்து எதுவும் போடவில்லை.

"இது யாருக்கு?"

"உங்களுக்குங்க."

"நான் ஓடறதில்லையேப்பா."

"கோடு போடறவரு நிக்கக்கூடாதுன்னுதானுங்க நிக்கல? இன்னிக்கு நானுங்க போட்டேன்."

"என்னோட ஓட்டம் உனக்கு எப்படித் தெரியும்?"

"சிப்மென்ட் அன்னிக்குக் கன்டெய்னர் வந்துட்டா நீங்க மாடிப்படியில ஓடறதப் பாத்திருக்கேனுங்க. நல்லா ஓடுவீங்க."

மகுடேஸ்வரன் அந்தக் கோட்டையும் வளைவையும் மாறி மாறிப் பார்த்தார். கோட்டுக்கு இரண்டு பக்கமும் போய் நின்று பார்த்தார். அழித்து நகர்த்தச் சொல்வார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி எல்லைக்கல்லின் மேல் வைத்தார். பேன்ட்டை முழங்கால்வரை மடித்தார். கடிகாரத்தைத் தெருப்பெயர்ப் பலகையில் மாட்டினார். விசிலை என்னிடம் கொடுத்தார்.

முன்கோடுகளில் ஏதோ முணுமுணுப்பு ஓடியது. பழனியம்மாள் பக்கத்துக் கோட்டுப் பெண்ணிடம், "நாம சித்த மெதுவாப் போயிக்கலாம் கண்ணு" என்றார். அது மகுடேஸ்வரனுக்குக் கேட்டுவிட்டது.

"அக்கா, முடிச்சதும் எல்லார்கிட்டயும் ஊர் பேரு கேப்பேனுங்க."

"உங்ககிட்ட யாருங்க கேப்பாங்க?" என்றார் பழனியம்மாள்.

நான் வளைவில் நின்று விசில் ஊதினேன். பழனியம்மாள் பஸ்ஸுக்கு ஓடுவதுபோலவே ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நடுவில் மகுடேஸ்வரன். ஓடிப் பல வருடமானவர்போலத் தெரியவில்லை, குனிந்த தலை நிமிரவே இல்லை. எல்லாருக்கும் பின்னால், சோளக்காட்டுப் பச்சைக்கு முன்னால், ராபின் முதலில் ஓடுவதாகவே தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு முதுகாக மறைத்துக்கொண்டு வந்தார். அயர்ன்காரரைத் தாண்டினார். பெட்டிக்கடைக்கென்று போர்டு நட்டிருக்கும் காலி மனைக்கு நேரே இரண்டு பேரை ஒன்றாகத் தாண்டினார். வளைவு நெருங்கும்போது முன்னால் பழனியம்மாளும் மகுடேஸ்வரனும் மட்டும் இருந்தார்கள். மகுடேஸ்வரன் பழனியம்மாளைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் ராபினின் காலடி கேட்டிருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு, நெஞ்சை முன்னால் தள்ளினார். வளைவின் கீழே இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நுழைந்தார்கள். ஆனால் கடுகு நிறத் துணிப்பட்டை ராபினின் நெஞ்சில் மாட்டி, இரண்டு தூண்களையும் விட்டு உருவிக்கொண்டு போயிற்று. மகுடேஸ்வரனின் வலது கட்டைவிரல், இல்லாத கடிகாரத்தை அமுக்கியது.

ஒரு கை நீளம்கூட இல்லை.

பின்னால் வந்தவர்கள் கத்தினார்கள். ராபின் கத்தவில்லை. பட்டையை மணிக்கட்டில் கட்டவும் இல்லை. அது தோளில் தொங்க, முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்று மூச்சை இழுத்தார். பிறகு நிமிர்ந்து, பழனியம்மாளிடம் போனார்.

"ஊர் பேரு... சொல்லுங்கக்கா."

"அவி..." என்றார் பழனியம்மாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போப்பா அக்கட்ட."

அயர்ன்காரரிடம் போனார். அவர் கையை மட்டும் ஆட்டினார். ஒவ்வொருவராகக் கேட்டு முடித்துக் கடைசியில், தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற மகுடேஸ்வரனுக்கு எதிரில் போய் நின்றார். ராபின் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர் பேரு சொல்லுங்க அண்ணா."

மகுடேஸ்வரன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு ராபினின் கையை எடுத்து, நனைந்து ஒட்டிய தன் சட்டையின் மேல், விலா ஏறி இறங்குகிற இடத்தில் வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார்.